மன்னிப்புக் கடிதம் எழுதாத மாணவி

குழந்தைகளே! பள்ளிக்கூடத்தில் ஏதாவது தப்புச் செய்து மாட்டிக்கொண்டால் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்வார்கள், இல்லையா? நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அத்தோடு விஷயம் முடிந்தது. 1942-ம் ஆண்டு பம்பாயில் ஒரு கல்லூரி மாணவியிடமும் அப்படி ஒரு கடிதம் கேட்டார்கள். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. கல்லூரியை விட்டே நீக்கிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 24. சொந்த ஊரோ கடலுக்கு அந்தப் பக்கம். வீட்டில் போராடிப் பெற்ற படிப்பு பாதியில் நின்றது.

அந்த மாணவியின் பெயர் மினெட் டி சில்வா. இலங்கையின் முதல் பெண் கட்டடக்கலைஞர் இவர்தான். கட்டடக்கலைஞர் என்றால் கொத்தனார் இல்லை, எஞ்சினியரும் இல்லை. ஆங்கிலத்தில் ஆர்க்கிடெக்ட் என்பார்கள். ஒரு வீடு எந்தத் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியே போகும், பாட்டி எங்கே உட்கார்ந்து வெற்றிலை போடுவார், குழந்தைகள் எங்கே விளையாடுவார்கள் என்றெல்லாம் முன்கூட்டியே யோசித்துப் படம் போட்டுத் தருபவர் அவர். செங்கல் அடுக்குவதற்கு முன்பே அந்த வீடு அவர் மனசுக்குள் எழும்பிவிடும்.

மினெட் 1918-ம் ஆண்டு பிப்ரவரி 1-ம் தேதி இலங்கையின் கண்டி நகரில் பிறந்தார். மலைகள் சூழ்ந்த அழகான ஊர். நடுவில் ஏரி. ஏரிக்கரையில் புத்தரின் புனிதப் பல்லை வைத்துப் போற்றும் தலதா மாளிகை. அப்பா ஜார்ஜ் டி சில்வா வக்கீல். அரசியலிலும் பெரிய பெயர். சிங்கள பௌத்தர். அம்மா ஆக்னஸ் கிறிஸ்தவர், பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். இலங்கையில் குடியேறிய ஐரோப்பியர்களின் வழி வந்தவர்களை அங்கே பறங்கியர் என்பார்கள். அண்ணன் பிரடெரிக், அக்கா அனில். வீட்டின் கடைக்குட்டி மினெட்.

அம்மா ஆக்னஸைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெண்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று 1920களின் கடைசியில் இலங்கையில் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். இலங்கையின் அரசியலமைப்பைப் பற்றி விசாரிக்க லண்டனிலிருந்து டொனமூர் பிரபு தலைமையில் ஒரு குழு வந்தது. தேயிலைத் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்குமா ஓட்டுக் கேட்கிறீர்கள் என்று அந்தக் குழு கேட்டது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாருக்கும் வேண்டும் என்று ஆக்னஸ் தயங்காமல் சொன்னார். அந்தத் தோட்டங்களில் இருந்தவர்கள் யார் தெரியுமா? நம் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் குடும்பங்கள். நம் ஊர் வழியாகக்கூட எத்தனை பேர் நடந்து போயிருப்பார்களோ! 1931-ல் இலங்கையில் பெண்களுக்கும் ஓட்டுரிமை வந்தது. அப்போது மினெட்டுக்கு 13 வயது. பெரிய மனிதர்கள் எதிரே உட்கார்ந்து கேட்டாலும் நினைத்ததைச் சொல்லலாம் என்பதை அந்தப் பெண் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தார்.

கண்டியைச் சுற்றியுள்ள கிராமங்கள் கைத்தொழிலுக்குப் பேர்போனவை. தும்பறை என்ற பகுதியில் கற்றாழை இனச் செடியின் நாரை உரித்து, சாயம் ஏற்றி, பாய் நெய்வார்கள். மான், யானை, பறவை, பாம்பு, பூ என்று அதில் உருவங்கள் வரும். மரத்தைக் கடைந்து, அரக்கில் சிவப்பும் மஞ்சளும் சேர்த்து மெருகேற்றும் அரக்கு வேலைக்காரர்கள் ஒரு பக்கம். குயவர்கள், பித்தளை வேலைக்காரர்கள் ஒரு பக்கம். ஆக்னஸ் அம்மாவுக்கு இந்தக் கைவேலைகளில் அக்கறை அதிகம். அந்த அக்கறை மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. கடைசிவரை விடவே இல்லை.

இந்தக் கைவினைக் கலைகளைப் பற்றி முதன்முதலில் பெரிய புத்தகம் எழுதியவர் ஒரு தமிழரின் மகன். ஆனந்த குமாரசாமி. சர் முத்து குமாரசாமி என்ற தமிழருக்கும் ஓர் ஆங்கிலப் பெண்மணிக்கும் 1877-ல் கொழும்பில் பிறந்தவர். பாறைகளையும் கனிமங்களையும் ஆராய வந்த விஞ்ஞானி அவர். ஊர் ஊராகச் சுற்றும்போது கலைஞர்களின் கைகளைப் பார்த்து மயங்கிப்போனார். அவர்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1908-ல் வெளிவந்தது. மினெட்டின் மனதில் ஆழமாகப் பதிந்தவை குமாரசாமியின் கருத்துகள்.

தான் கட்டடக்கலை படிக்கப் போவதாக மினெட் சொன்னபோது வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. அது பெண்கள் படிக்கும் படிப்பா? இலங்கையில் அப்போது கட்டடக்கலை கற்பிக்கும் கல்லூரியே கிடையாது. வெளிநாடுதான் போக வேண்டும். ஓட்டுரிமைக்குப் போராடிய வீடுதான். ஆனாலும் சொந்த மகள் என்று வரும்போது அப்பா தயங்கினார். உறவினர்களும் உற்சாகப்படுத்தவில்லை. மினெட் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்தார். 1930களின் கடைசியில் பம்பாய் போய்ச் சேர்ந்தார்.

பம்பாயில் எடுத்த எடுப்பில் கல்லூரி கிடைத்துவிடவில்லை. மிஸ்திரி அண்ட் பேட்வார் என்ற நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அந்த மிஸ்திரி குடும்பத்துப் பெண் பெரின், இந்தியாவின் முதல் பெண் கட்டடக்கலைஞராகப் போற்றப்படுபவர். அவரோடு மினெட்டுக்கு நல்ல சிநேகம். அலுவலகத்தில் பயிற்சி, அது போக ஒரு தனியார் அகாடமியில் வகுப்பு. பிறகுதான் புகழ்பெற்ற ஜே.ஜே. கலைக்கல்லூரியில் இடம் கிடைத்தது.

கட்டடக்கலை மாணவரின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையா? ஒரு மேஜை அளவுக்குப் பெரிய வரைபலகை. அதன் மேல் தாள். டி எழுத்துப் போலிருக்கும் நீளமான அளவுகோல். ஒரே வீட்டை மூன்று விதமாக வரைய வேண்டும். மேலே பறக்கும் காக்கை, கூரையைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் அறைகள் எப்படித் தெரியும் என்பது ஒன்று. தெருவில் நின்று பார்த்தால் எப்படித் தெரியும் என்பது இன்னொன்று. கேக்கைக் கத்தியால் வெட்டுவதுபோல் வீட்டை நடுவில் வெட்டினால் உள்ளே மாடிப்படியும் தளமும் எப்படி இருக்கும் என்பது மூன்றாவது. ஒரு கோடு பிசகினாலும் கட்டும்போது கதவு திறக்காது! கம்ப்யூட்டர் இல்லாத காலம். இந்திய மையில் தொட்டுத் தொட்டு வரைய வேண்டும். மை சிந்தினால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து திரும்பவும் வரைய வேண்டியதுதான். இந்தப் படிப்பு இப்போது நம் நாட்டில் ஐந்தாண்டுப் படிப்பாக இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம்.

ஆனால் மினெட் வரைபலகையே கதி என்று கிடக்கவில்லை. பம்பாயில் அக்கா அனிலும் இருந்தார். எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த், பின்னாளில் சிதார் மேதை என்று உலகமே கொண்டாடிய இளைஞர் ரவிசங்கர் எல்லாம் நண்பர்கள். இசை, நடனம், நாடகம், அரசியல் என்று எதையும் விடாமல் பேசுகிற கூட்டம் அது. வேலை முடிந்த நேரத்தில் பார்ப்பது, கேட்பது, பேசுவதுதான் மினெட்டின் பொழுதுபோக்கு. இன்னொரு பழக்கமும் உண்டு. கடிதம், போட்டோ, பத்திரிகைத் துணுக்கு எதையும் தூக்கி எறியமாட்டார். பத்திரப்படுத்தி வைப்பார். நீங்கள் நோட்டுப் புத்தகத்தில் கிரிக்கெட் வீரர் படங்களை ஒட்டி வைக்கிறீர்களே, அதுபோலத்தான். அந்தப் பழக்கம் பிற்காலத்தில் எவ்வளவு பெரிய உதவி செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1942 ஆகஸ்ட். வெள்ளையனே வெளியேறு போராட்டம் பம்பாயில்தான் அறிவிக்கப்பட்டது. மறுநாள் விடிவதற்குள் காந்திஜியைக் கைது செய்துவிட்டார்கள். தெருவெல்லாம் ஊர்வலம். காந்திஜியை விடுதலை செய் என்று முழங்கிய ஓர் ஊர்வலத்தில் மினெட்டும் கலந்துகொண்டார். அவர் இந்தியர்கூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்! கல்லூரித் தலைவர் மன்னிப்புக் கடிதம் கேட்டார். தப்பே செய்யாதபோது எதற்கு மன்னிப்பு என்று மினெட் நினைத்தார். எழுத மறுத்தார். கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்.

பட்டம் கையில் இல்லை. அடுத்தது என்ன?

பெங்களூருக்குப் போனார். அப்போது மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்தவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்ற ஜெர்மானியர். யூதர் என்ற ஒரே காரணத்துக்காக ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியில் வேலையை இழந்து, நாடு நாடாக அலைந்து, கடைசியில் இந்தியாவுக்கு வந்தவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவர் வடிவமைத்த கட்டடங்கள் உண்டு. வேலையிலிருந்து துரத்தப்பட்டவரிடம், கல்லூரியிலிருந்து துரத்தப்பட்டவர் உதவியாளராகச் சேர்ந்தார். டாட்டாவின் ஜாம்ஷெட்பூர் நகரத் திட்டத்திலும், தொழிலாளர்களுக்காகப் பகுதி பகுதியாகச் செய்து பொருத்தும் வீடுகளிலும் மினெட் வேலை செய்தார். கல்லூரியில் கிடைக்காத பாடம் அங்கே கிடைத்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ல் மினெட் லண்டன் போனார். ஏ.ஏ. என்று மாணவர்கள் அழைக்கும் புகழ்பெற்ற கட்டடக்கலைப் பள்ளியில் விட்ட படிப்பைத் தொடர்ந்தார். போரால் படிப்பைத் தொலைத்தவர்களுக்காக வைக்கப்பட்ட சிறப்புத் தேர்வை எழுதினார். 1948-ல் பிரிட்டனின் அரச கட்டடக்கலைஞர் கழகத்தில் உறுப்பினரானார். ஆசியாவிலிருந்து அந்தப் பெருமையைப் பெற்ற முதல் பெண் அவரே. அதே ஆண்டுதான் இலங்கையும் சுதந்திரம் பெற்றது.

லண்டனில் படித்தபோதும் மினெட் சேலைதான் கட்டினார். அங்கிருந்தபடியே பாரிஸுக்குப் போய் லெ கார்பூசியேயைப் பார்த்தார். நம் நாட்டில் சண்டிகர் நகரத்தைப் பிற்பாடு வடிவமைத்தாரே, அதே லெ கார்பூசியேதான். இருவரும் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1947-ல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் ஊரில் உலகக் கட்டடக்கலைஞர்கள் கூடிய மாநாட்டில் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. கோட்டும் டையுமாக நிற்கும் ஆண்கள் கூட்டத்தில் சேலை கட்டிய ஓர் இளம்பெண். 1948-ல் போலந்தில் நடந்த அமைதி மாநாட்டில் ஓவியர் பிக்காசோவோடு எடுத்த படமும் உண்டு. இதற்கு நடுவே, 1946-ல் பம்பாயில் முல்க் ராஜ் ஆனந்தும் நண்பர்களும் மார்க் என்ற கலைப் பத்திரிகையைத் தொடங்கியபோது, அக்காவும் தங்கையும் அதில் பங்கெடுத்தார்கள்.

ஐரோப்பாவிலேயே இருந்திருக்கலாம். 1949-ல் கண்டிக்குத் திரும்பிவிட்டார். கையில் பணம் அதிகம் இல்லை. பெற்றோர் வீட்டையே தன் அலுவலகமாக்கிக்கொண்டார்.

முதல் வேலை குடும்ப நண்பர் கருணாரத்னவின் வீடு. மலைச்சரிவில் இடம். பள்ளமும் மேடுமாக இருந்த மனையை வெட்டிச் சமமாக்காமல், சரிவுக்கு ஏற்றபடியே வீட்டை மேலும் கீழுமாக அமைத்தார். ஒரு பெண் போட்ட படத்தை நம்பிக் கட்டினால் வீடு நிற்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் வாதாடித்தான் வேலை வாங்க வேண்டியிருந்தது. 1951-ல் வீடு முடிந்தது. நின்றது! இலங்கையில் ஒரு பெண் வடிவமைத்த முதல் கட்டடம் அதுதான்.

அந்த வீட்டில் கண்ணாடிக் கற்களும் கான்கிரீட்டும் இருந்தன. கூடவே சின்ன வயதில் மனதுக்குப் பிடித்த அத்தனையும் உள்ளே வந்துவிட்டன. கதவுப் பலகைகளில் தும்பறைப் பாய் நெசவு. குயவர்கள் சுட்ட ஓடுகளில் சித்திரங்கள். சுவரில் ஜார்ஜ் கீட் என்ற புகழ்பெற்ற ஓவியரின் ஓவியம். பின்னால் கொழும்பில் கட்டிய பீரிஸ் வீட்டில் மாடிப்படிக் கைப்பிடிக் கம்பங்களுக்கு அரக்கு வேலைக்காரர்களைக் கொண்டு மெருகேற்றினார். பாய் நெய்கிறவருக்கும் மரம் கடைகிறவருக்கும் புது வீடுகளில் வேலை கிடைத்தது. அவர்கள் பிள்ளைகளும் தொழிலை விட்டுவிடாமல் இருக்க வேண்டுமானால், பழைய பொருளைக் காட்சிப் பெட்டியில் பூட்டி வைத்தால் போதாது, இன்றைக்கு வாழ்கிற வீட்டில் அதற்கு இடம் வேண்டும் என்பது மினெட்டின் எண்ணம்.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. வகுப்பில் வீடு ஒன்று வரையுங்கள் என்று சொன்னால் பாதிப் பிள்ளைகள் முக்கோணக் கூரை போட்டு, அதன் மேல் ஒரு புகைபோக்கியையும் வைத்துவிடுவார்கள். பின்னால் இரண்டு மலை, நடுவில் சிரிக்கும் சூரியன். மலை சரி, எங்கள் செட்டிகுளத்தில் தண்டாயுதபாணி சுவாமி கையில் கரும்போடு நிற்கிற மலை இருக்கிறது. புகைபோக்கி எங்கிருந்து வந்தது? பனி கொட்டும் நாட்டுப் படப் புத்தகத்திலிருந்து வந்தது! அதற்குப் பதிலாக எங்கள் பக்கத்து வெங்காயப் பட்டறையைப் போய்ப் பாருங்கள் என்பேன். தரையில் படாமல் கற்களின் மேல் உயர்த்தி, பக்கங்களில் குச்சிகளை இடைவெளி விட்டு நிறுத்தி, மேலே கீற்று வேய்ந்திருப்பார்கள். அடியிலும் காற்று, பக்கத்திலும் காற்று. மழை மட்டும் உள்ளே வராது. சின்ன வெங்காயம் மாதக்கணக்கில் அழுகாமல் கிடக்கும். எந்த ஆர்க்கிடெக்ட்டும் வந்து படம் போட்டுத் தரவில்லை.

மினெட்டும் இதையேதான் கவனித்தார். வெப்ப நாட்டில் லண்டன் வீட்டை அப்படியே கட்டினால் உள்ளே இருப்பவர் வெந்துபோவார். ஆகவே பீரிஸ் வீட்டைத் தூண்களின் மேல் தூக்கி நிறுத்தி, அடியில் தோட்டமும் காற்றும் புகுந்து போக வழி விட்டார். நடுவில் முற்றம் வைத்தார். நம் பாட்டன் வீடுகளில் இருக்குமே, வானம் தெரியும் முற்றம், அதுதான். பழையதும் புதியதும் சண்டையில்லாமல் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்று 1950களிலேயே காட்டியவர் அவர்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் செய்த இன்னொரு வேலை. கண்டிக்குப் பக்கத்தில் வட்டபுளுவ என்ற இடத்தில் அரசு ஊழியர்களுக்காகச் சுமார் 250 வீடுகள் கட்ட வேண்டும். சிங்களவர், தமிழர், முஸ்லிம், பறங்கியர் என எல்லாரும் சேர்ந்து குடியிருக்கப் போகும் இடம். சாதாரணமாக என்ன செய்வார்கள்? ஒரே மாதிரி 250 பெட்டிகளை வரிசையாக அடுக்கிவிடுவார்கள். மினெட் அப்படிச் செய்யவில்லை. குடிவரப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். எத்தனை பேர் இருக்கிறீர்கள், எப்படிச் சமைப்பீர்கள், எவ்வளவு பணம் போட முடியும் என்று கேட்டார். நேரிலும் உட்கார்ந்து பேசினார். பதில்களை வைத்துப் பலவகை வீடுகளை வரைந்தார். மரங்களையும் நிலத்தின் சரிவையும் பார்த்து வீடுகளை அமர்த்தினார். 1958-ல் அந்தக் குடியிருப்பு முடிந்தது. கேள்வித்தாள் என்றால் மாணவர்களைப் பயமுறுத்தத்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்!

1960களில் காலம் மாறியது. அம்மா காலமானார். வேலைகள் குறைந்தன. மற்ற கட்டடக்கலைஞர்கள் புகழ் பெற்றார்கள். இதே வழியில் நடந்த அவர்களுக்குக் கிடைத்த பேர், வழியைக் காட்டியவருக்குக் கிடைக்கவில்லை. நியாயமில்லைதான். மினெட் வெளிநாடுகளில் சுற்றினார். உலகக் கட்டடக்கலை வரலாற்றைச் சொல்லும் ஒரு பிரபல நூலின் 1975-ம் ஆண்டுப் பதிப்பில், தெற்காசியக் கட்டடங்களைப் பற்றி எழுதினார். 1975 முதல் 1979 வரை ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலையைப் பற்றிப் பாடம் நடத்தினார். ஒரு காலத்தில் கல்லூரி வெளியே அனுப்பிய மாணவி, பல்கலைக்கழக வகுப்பறையில் ஆசிரியையாக நின்றார்.

பிறகு மறுபடியும் கண்டி. 1980களில் கண்டிக் கலைக் கழகத்துக்காக ஒரு கலை மையத்தை வடிவமைத்தார். பழைய ஓட்டுக் கூரை, நடனத்துக்குத் திறந்த அரங்கம் என்று ஊரின் மனசு தெரிந்து கட்டிய கட்டடம். 1996-ல் இலங்கைக் கட்டடக்கலைஞர் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அப்போது அவருக்கு வயது 78. பதக்கம் வந்தது, பணம் வரவில்லை. பெற்றோர் விட்டுச்சென்ற பெரிய வீட்டில் தனிமையிலும் வறுமையிலும் அவருடைய கடைசி ஆண்டுகள் கழிந்தன.

அந்த வீட்டில் உட்கார்ந்துதான் அவர் தன் வாழ்க்கை வரலாற்றைத் தயாரித்தார். சேர்த்து வைத்திருந்த கடிதங்கள், வரைபடங்கள், போட்டோக்கள், செய்தித் துணுக்குகள் எல்லாவற்றையும் எடுத்து ஒட்டிக் கோத்தார். பெரிய அளவுப் புத்தகம் அது. பக்கத்தைப் புரட்டினால் பள்ளிப் பிள்ளையின் ஒட்டு நோட்டுப் போலவே இருக்கும். ஓர் ஆசியப் பெண் கட்டடக்கலைஞரின் வாழ்வும் பணியும் என்று தலைப்பு வைத்தார். அவருடைய கட்டடங்களைப் பற்றி இன்றைக்கு ஆராய்ச்சி செய்கிற மாணவர்கள் முதலில் தேடி எடுப்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

1998 நவம்பர் 24-ம் தேதி மினெட் கண்டியில் காலமானார். புத்தகம் அதே ஆண்டில் வெளிவந்தது. முதல் பாகம் என்று அதில் போட்டிருந்தது. இரண்டாம் பாகம் வரவில்லை.